அறிவோம் ஒரு கீரை: உமரி

தாவரவியல் பெயர்: சுவேடா மாரிட்டிமா
குடும்பம்: அமராந்தேசி (நம்ம தண்டுக்கீரை குடும்பம்தான்!)

நண்பர்களே! கேளம்பாக்கம் உப்பளப் பக்கம், வேறு செடி பிழைக்காத உவர் மண்ணிலும் பச்சையாக நிற்கும் களை எது தெரியுமா? உமரி!

அமைப்பு: இலைகள் சிறியவை, சதைப்பற்றானவை. இலைக் கக்கத்தில் பொடிப்பொடியாகப் பச்சைப் பூ பூக்கும். விதை கறுப்பாக, பளபளப்பாக இருக்கும். வெயில் காலத்தில் செடி சிவந்துவிடும்.

பிழைக்கும் வழி: உவர் மண்ணில் தண்ணீர் இருந்தாலும் மற்ற செடிகளால் உறிஞ்ச முடியாது. உமரியோ உப்பை இலைச் செல்லின் வாக்குவோலில் சேர்த்து வைக்கிறது. செல்லுக்குள் உப்பு அதிகமானதால் வெளியே உள்ள தண்ணீர் உள்ளே வருகிறது. சவ்வூடு பரவல் பாடம் ஞாபகம் வருதா? 4 மாதத்தில் 1 ஹெக்டேர் நிலத்திலிருந்து உமரி 504 கிலோ உப்பை எடுத்துவிடும் என்று 2007-ல் வெளிவந்த தமிழக ஆய்வு கணக்கிட்டுள்ளது.

சமையல்: கீரையை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பிறகு பருப்பு, தேங்காய் சேர்த்துக் கடையலாம். உப்பு போடும் முன் ருசி பாருங்க!

மருத்துவம்: மஞ்சள் காமாலைக்கு நாட்டு மருந்தாகச் சொல்வார்கள். ஆனால் காமாலை வந்தால் முதலில் டாக்டரிடம்தான் போகணும்.

கவனம்: வீட்டில் தாத்தா, பாட்டிக்கு பிரஷரோ சிறுநீரக நோயோ இருந்தால் உமரி வேண்டாம். கொட்டிய பிறகும் உப்பு மிச்சம் இருக்கும். சாக்கடை கலக்கும் இடத்தில் பறிக்கவே கூடாது.

களை என்று மிதிக்காதீங்க; விவரம் தெரியாமல் தின்னவும் செய்யாதீங்க!