விளம்பரத்தை எடை போடுவோம்

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது நம் முன்னோர் மொழி. விளம்பரங்கள் எல்லாமே பொய் என்று நாம் கூறவில்லை. கடைக்கு வந்துள்ள புதிய பொருளையும் அதன் விலையையும் அறிந்துகொள்ள அவை உதவுகின்றன. ஆயினும், செய்தியை அறிவிப்பது வேறு. மனத்தை இணங்க வைப்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரியாவிடில் பணம் மட்டுமன்றி உயிரும் இழப்பாகலாம். நம் வட்டாரத்திலேயே நிகழ்ந்த ஒரு வரலாறு இதற்குச் சான்றாகும்.

வெள்ளுடையின் வலிமை

டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் குழந்தை மருத்துவர் 1936ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரில் பணியாற்றினார். தாய்ப்பாலுக்கு மாற்றாக இனிப்பூட்டிய டின்பால் குழந்தைகளுக்குப் புகட்டப்படுவதையும், அதனால் அவர்கள் நலிந்து மடிவதையும் அவர் கண்டார். டின்பாலை விற்க அனுப்பப்பட்ட பெண்கள் தாதியரைப் போல் வெள்ளுடை அணிந்து, பிள்ளை பெற்ற தாய்மாரை அணுகினர். 1939ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் இதனைக் கண்டித்து உரையாற்றினார். ‘பாலும் கொலையும்’ என்பதே அவ்வுரையின் தலைப்பு.

இனிப்பூட்டிய டின்பாலின் எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் சீனியே உள்ளது. அதனைத் தூய்மையற்ற நீரில் கரைத்துப் புகட்டினால் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ளும். தாய்மார் அன்பில் குறைந்தவர்கள் அல்லர். பிள்ளை நன்றாக வளரவேண்டும் என்ற அவர்களுடைய ஆசையையே விற்பனையாளர்கள் பயன்படுத்திக்கொண்டனர்.

உத்திகள் யாவை?

முதலாவது, இரவல் மதிப்பு. வெள்ளுடைக்கு மக்கள் தரும் மதிப்பு பொருளின்மேல் ஏற்றப்படுகிறது. திரைப்பட நடிகரும் விளையாட்டு வீரரும் விளம்பரத்தில் தோன்றுவது இதற்காகவே. நடிப்பில் வல்லவர் மருந்திலும் வல்லவர் ஆகிவிடமாட்டார்.

இரண்டாவது, இலவசம். பால்மாவு டின் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழந்தை அதனைக் குடிக்கக் குடிக்கத் தாயிடம் பால் சுரப்பது குறையும். இலவச டின் தீரும்போது அடுத்த டின்னை விலை கொடுத்து வாங்கும் நிலை வந்துவிடும்.

மூன்றாவது, அச்சமும் அவசரமும். ‘உங்கள் பிள்ளை பின்தங்கிவிடுவான்’, ‘இன்று ஒருநாள் மட்டுமே’ என்னும் வாசகங்கள் சிந்திப்பதற்கு நேரம் தருவதில்லை.

நான்காவது, கணக்கை மறைத்தல். மாதத் தவணை 99 வெள்ளி என்பது சிறு தொகையாகத் தோன்றும். 36 மாதங்களுக்குக் கட்டினால் 3,564 வெள்ளி ஆகிறது. அப்பொருளின் ரொக்க விலை 2,600 வெள்ளி எனில், 964 வெள்ளி கூடுதலாகச் செலவழிகிறது. விளம்பரத்தில் தவணைத் தொகை பெரிய எழுத்தில் இருக்கும். மாதங்களின் எண்ணிக்கை சிறிய எழுத்தில் இருக்கும்.

சட்டத்தின் துணை

1981ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகச் சுகாதார மன்றம், தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களின் விற்பனை பற்றிய அனைத்துலக நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. தாய்மாருக்கு இலவச மாதிரி வழங்குவதையும், விற்பனையாளர்கள் அவர்களை நேரில் அணுகுவதையும் அது விலக்குகிறது. வில்லியம்ஸ் குரல் கொடுத்து 42 ஆண்டுகள் கடந்த பின்னரே இது நிறைவேறியது.

நம் நாட்டில் 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் நடப்பில் உள்ளது. நீரிழிவு, புற்றுநோய், சிறுநீரக நோய் போன்றவற்றைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் மருந்தை விளம்பரம் செய்வதை அது தடுக்கிறது. எனவே, ‘ஒரே மாதத்தில் இனிப்புநீர் அடியோடு நீங்கும்’ என்று கைப்பேசியில் ஒரு செய்தி வருமானால், அவ்வாக்குறுதியே நமக்கு எச்சரிக்கையாகும். பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்ற எழுத்துகளில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். அந்த எண் உண்மையானதா என்பதையும் மருந்தகத்தில் கேட்டறியலாம். மருத்துவமனை தந்த மருந்தை விளம்பரத்தை நம்பி நிறுத்துதல் பேராபத்து.

நாம் கேட்கவேண்டிய ஐந்து கேள்விகள்

1. இதைச் சொல்பவர் யார்? நாம் வாங்கினால் அவருக்கு என்ன இலாபம்?
2. இதில் உள்ள செய்தி எது? வெறும் புகழ்ச்சி எது?
3. நம் அச்சத்தைத் தூண்டுகிறதா, ஆசையைத் தூண்டுகிறதா?
4. சொல்லாமல் விடப்பட்டது என்ன?
5. முழு விலை எவ்வளவு? ஒரு வாரம் பொறுத்து வாங்கினால் கெடுவது என்ன?

இக்கேள்விகளை வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து கேட்டுப் பழகலாம். தொலைக்காட்சியில் வரும் ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொண்டு, அதில் எந்த உத்தி கையாளப்படுகிறது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். இளமையில் பெறும் இப்பயிற்சி பின்னாளில் அவர்களின் ஊதியத்தையும் உடல்நலத்தையும் காக்கும். உழைத்துச் சேர்த்த ஒவ்வொரு வெள்ளியையும் விசாரித்த பின்னரே செலவிடுவோமாக!