மல்லிகை மொட்டும் விமானக் கெடுவும்

வில்லாபுரத்தைக் கடந்து அவனியாபுரம் வழியாகத் தெற்கே செல்லும் சாலை மதுரை விமான நிலையத்தை நோக்கிச் செல்வதாகும். நம் சுற்றுவட்டாரத்துக் குடியானவர்கள் பறித்த மல்லிகை, தெர்மாகோல் பெட்டிகளில் அடைபட்டு, வெளியூர்ச் சந்தைகளுக்குப் பறப்பது இந்நிலையத்திலிருந்துதான். மதுரை மல்லிகை 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. பெயருக்குக் கிடைத்த இப்பெருமை குடியானவரின் மடிக்கும் வந்து சேர வேண்டுமானால், பூவைப் பயிரிடக் கற்றதைப் போலவே அதை அனுப்பவும் நாம் கற்றாக வேண்டும்.

மல்லிகை மற்றச் சரக்குகளைப் போன்றதன்று. நெல்லும் பருத்தியும் ஒரு நாள் காத்திருந்தால் விலையில் சிறிது கூடலாம், குறையலாம். மல்லிகையோ விடியுமுன் மொட்டாகப் பறிக்கப்பெற்று, அன்று மாலையே மலர்ந்துவிடும். மலர்ந்த பூவைச் சரம் தொடுப்பவர் விரும்பி வாங்கார். குளிர்ச்சியினால் மலர்ச்சியைத் தள்ளிப் போடலாமேயன்றி நிறுத்திவிட முடியாது. ஆகவே, பூவை அனுப்புவோர் பூவோடு நேரத்தையும் சேர்த்தே விற்கின்றனர்.

இதில் பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. விமானம் புறப்படும் நேரத்தையே கெடுவாகக் கொள்வதுதான் அது. பேருந்து புறப்படும் தறுவாயில் கூடையைக் கூரைமேல் ஏற்றிப் பழகிய நமக்கு இப்பிழை இயல்பானதே. ஆனால் விமானத்துக்கு அது பொருந்தாது. பெட்டியை நிறுக்க வேண்டும். 'ஏர்வே பில்' எனப்படும் சரக்குச் சீட்டு எழுத வேண்டும். எக்ஸ்ரே கருவியில் சோதிக்க வேண்டும். பிறகே விமானத்தின் வயிற்றறையில் ஏற்ற முடியும். இதற்காக ஒவ்வொரு நிறுவனமும் புறப்பாட்டுக்குச் சில மணி முன்னதாகவே சரக்கு ஏற்பதை நிறுத்திக்கொள்கிறது. வழக்கில் இதனைக் 'கட்-ஆப்' நேரம் என்கின்றனர். இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கால அட்டவணை மாறும்போதும் மாறும். ஆதலின் சென்ற மாதம் கேட்டு வைத்ததை நம்பாமல், முதல் நாளே புக்கிங் ஏஜெண்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம்.

இனி, கணக்கை எவ்வாறு போடுவது? முடிவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போட வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் மும்பையின் தாதர் பூச்சந்தைக்கு அனுப்ப விரும்புகிறார் என்று கொள்வோம். உதாரணத்துக்காக, விமானம் மாலை 4 மணிக்கு. கட்-ஆப் பிற்பகல் 2 மணிக்கு. வரிசையில் நிற்க நேரிடும் என்பதால் 1 மணிக்கே சரக்குக் கொட்டகையில் இருத்தல் வேண்டும். சாலைக்கு 2 மணி நேரம் ஒதுக்கினால், ஊரிலிருந்து 11 மணிக்குப் புறப்பட வேண்டும். பெட்டியில் அடைக்க 1 மணி; அதற்குமுன் நிழலில் பரப்பிச் சூடு தணிய 1 மணி. ஆகவே காலை 9 மணிக்குள் பறித்து முடித்தாக வேண்டும். அதற்கு எத்தனை ஆட்கள் வேண்டும், அவர்கள் எந்நேரத்தில் தோட்டத்தில் இறங்க வேண்டும் என்பதெல்லாம் இதிலிருந்தே தெரியவரும். பறிப்பு ஆட்களின் எண்ணிக்கையை நிர்ணயிப்பது விமானக் கெடு என்பது வியப்பாக இருக்கலாம், உண்மை அதுவே.

மறுகரையிலும் நேரம் உண்டு. விமானம் இறங்கியதும் பெட்டி கைக்கு வந்துவிடாது; இறக்கி, பிரித்து, வழங்கச் சிறிது பொழுதாகும். சீட்டின் எண்ணைப் பெறுபவருக்கு உடனே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். அவர் தாமதித்தால் வழியில் நாம் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் கொட்டகையில் கரைந்துபோம்.

வேறு நிலையத்தில் விமானம் மாற்றி அனுப்புவதாயின் கவலை இரட்டிப்பாகும். 1949-இல் நம் நாட்டில் தொடங்கிய இரவு விமானத் தபாலை இங்கு நினைவு கூரலாம். சென்னை, பம்பாய், கல்கத்தா, டெல்லி ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் புறப்பட்ட விமானங்கள் இரவில் நாகபுரியில் கூடி, பைகளை மாற்றிக்கொண்டு திரும்பின. கூடுமிடத்தில் நேரம் தவறிய பை மறு இரவுவரை காத்திருக்க வேண்டியதுதான். கடிதம் ஒரு நாள் காத்திருக்கும், மொட்டு காத்திராது. ஆகவே நேரே செல்லும் விமானம் சற்றுக் கட்டணம் மிகுந்ததாயினும் பூவுக்கு அதுவே ஏற்றது. மாற்றுவது தவிர்க்க முடியாததாயின், இடைவெளி தாராளமாக உள்ள இணைப்பையே கேட்டுப் பெற வேண்டும்.

பயணிகள் விமானத்தில் பயணியின் மூட்டைக்கே முதலிடம். இடம் போதாவிடில் சரக்குதான் கீழே நிற்கும். கோடை நண்பகலில் வெப்பம் மிகும்போது விமானம் தூக்கக்கூடிய பாரமும் குறைகிறது. மல்லிகை மிகுந்து விளைவதும் அதே கோடையில்தான் என்பது நமது துரதிருஷ்டம். ஆகையால் நாளின் கடைசி விமானத்தை நம்பாமல் அதற்கு முந்தியதில் இடம் பிடித்து வைத்தால், தவறியது மறுவிமானத்திலாவது ஏற வழியுண்டு.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு சொல். எடை, கன அளவு இரண்டில் எது மிகுதியோ அதற்கே பணம் கேட்பர். பெட்டியின் நீள, அகல, உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுப்பது பரவலான வழக்கம். 60, 45, 40 அளவுள்ள பெட்டிக்கு 18 கிலோ என்று வரும். பூவும் பனிப்பையும் பெட்டியுமாக உண்மை எடை 15 கிலோவே ஆனாலும் 18-க்கே கட்ட வேண்டும். 3 கிலோ காற்றுக்குக் கூலி! நீளத்தை 50 ஆக்கினால் கணக்கு 15-இல் நின்றுவிடும். பல கட்டணப் பட்டியல்களில் 45 கிலோவுக்கு மேற்பட்ட சரக்குக்கு வீதம் குறைவு. நான்கு குடியானவர்கள் ஒரே சீட்டில் அனுப்பினால் இச்சலுகை கிட்டும். ஆனால் நால்வரில் ஒருவர் பிந்தினாலும் நால்வர் பூவும் நின்றுவிடும் என்பதை மறத்தலாகாது.

குளிர்ச்சிக்கு ஜெல் பனிப்பைகளே போதும். உலர்பனிக்கட்டி அபாயப் பொருள் பட்டியலில் சேர்ந்தது. சொல்லாமல் வைத்தால் பெட்டி சோதனையிலேயே தடைப்படும்.

எல்லாப் பூவையும் விமானத்தில்தான் அனுப்ப வேண்டுமென்பதில்லை. மாலை பஸ்ஸில் ஏற்றினால் விடியலில் சென்னைக்கோ பெங்களூருக்கோ சேர்ந்துவிடும். அவ்வூர்களுக்கு வான்கூலி பெரும்பாலும் வீண் செலவே.

மார்கழி, தை மாதங்களில் பனியினால் பூ குறைந்து, கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்பதுண்டு. அப்போது ஒரு பெட்டி தவறினாலும் இழப்பு பெரிது. தை முதல் நாள் அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. அன்று அவ்வழிப் போக்குவரத்தை மாற்றிவிடுவர். வில்லாபுரத்துப் பக்கம் வண்டியைத் திருப்பாமல், மாட்டுத்தாவணியிலிருந்து சுற்றுச்சாலை வழியே செல்லுமாறு வண்டிக்காரரிடம் முந்தின இரவே சொல்லி வைத்து, அரை மணி முன்னதாகவே புறப்படச் செய்தல் வேண்டும்.