குளிர்ல கிடக்குற தவளையை வீட்டுக்குள்ள தூக்கிட்டு வராதே!

இங்கிலாந்துல தோட்டம் வச்சிருக்கிற தங்கச்சிகளுக்கு இது. நவம்பருக்கு மேல இலைக்குப்பையைக் கிளறினாலோ, பழைய கட்டையைப் புரட்டினாலோ, களிமண் உருண்டை மாதிரி காலை மடக்கிக்கிட்டு ஒரு தவளை கிடக்கும். தொட்டா ஜில்லுன்னு இருக்கும், அசையாது. தொண்டைத் துடிப்புகூட லேசுல தெரியாது. செத்துடுச்சுன்னு குப்பையில போட்டுடாதே. உடம்பு உப்பி, நாத்தம் அடிச்சாத்தான் செத்ததுன்னு அர்த்தம். மத்தபடி அது குளிர்காலத்தை ஓட்டிக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான்.

பாவமேன்னு ஹீட்டர் பக்கத்துல டப்பாவுல வைக்கத் தோணும். அங்கதான் வினை. தவளைக்குன்னு தனியா உடம்புச் சூடு கிடையாது. வெளியில எவ்வளவு குளிரோ, உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவுதான். இலையுதிர் காலத்துல தின்னு சேர்த்த கொழுப்பைத்தான் துளித்துளியா செலவழிக்குது. சூடு பட்டா உடம்பு முழுசா முழிச்சுக்கும், கொழுப்பு மளமளன்னு கரையும். ஈடுகட்ட வெளியில பூச்சி இருக்காது. சாப்பாடும் வைக்காதே, அந்தக் குளிர்ல அதுக்குச் செரிக்காது. கல்லுக்குள்ள தேரைக்கும் படியளக்கிறவன் இருக்கான்னு பாட்டிங்க சொல்லுவாங்களே, இந்தத் தவளைக்கு அந்தப் படியும் இப்ப வேண்டாம்.

எடுத்த இடத்துலயே வை, அதே இலையைப் போட்டு மூடு. தொடுறதுக்கு முன்னாடி கையை மழைத்தண்ணியில நனைச்சுக்கோ. சோப்பு, க்ரீம் எதுவும் கையில இருக்கக் கூடாது. தவளை தோல் வழியாத்தான் தண்ணி குடிக்குது, கையில இருக்கிறதும் உள்ளே போயிடும். குழாய்த்தண்ணியில குளோரின் இருக்கும், அதுவும் வேண்டாம்.

ஷெட்டைப் பிரிச்சு அந்த இடமே போயிடுச்சா? வெயில் விழாத மூலையில, மண்ணைத் தொட்டாப்ல கட்டைகளை இடுக்கு விட்டு அடுக்கி, நடுவுல ஈர இலையோட வச்சுடு. குளத்துல மட்டும் விடாதே. சில தவளைங்க, முக்கியமா ஆண் தவளைங்க, குளத்தடிச் சேத்துல தோலாலயே மூச்சு விட்டுக்கிட்டுக் கிடக்கும்தான். ஆனா தரையில படுத்தது தரைக்கே போகட்டும். நாலு தெரு தள்ளி இருக்கிற தோழி வீட்டுக் குளத்துக்கும் கொண்டுபோகாதே. ரானாவைரஸ்னு ஒண்ணு அப்படித்தான் தோட்டம் தோட்டமா பரவும்.

குளம் உறைஞ்சா ஐஸைச் சுத்தியலால உடைக்காதே, அந்த அதிர்வு உள்ள இருக்கிறதுக்கு ஆகாது. உப்பும் கொட்டாதே. சூடான தண்ணிப் பாத்திரத்தை மேல வச்சு ஒரு ஓட்டை போடு. அதைவிட முக்கியம், மேல கிடக்குற பனியைக் கூட்டித் தள்றது. வெளிச்சம் உள்ளே போனாத்தான் அடியில இருக்கிற செடி ஆக்ஸிஜன் விடும்.

கனடாவுல சில தவளைங்க கதையே வேற. அங்க இருக்கிற வுட் ஃபிராக் (wood frog) உடம்புத் தண்ணியில பாதிக்கு மேல ஐஸா உறைஞ்சு, இதயம் நின்னு கிடக்கும். செல்லுக்குள்ள சேர்ற குளுக்கோஸ் அதைக் காப்பாத்தும். வசந்தத்துல உருகி, தானே எழுந்து போயிடும்.

ஜனவரியில ஒரு நாள் இதமா இருந்து உன் தவளை உலாவினா பதறாதே, இங்கத்துத் தவளை நடுநடுவே முழிக்கிறதுதான். கம்போஸ்ட் கிளறுற ஃபோர்க் குத்திக் காயம்னா மட்டும், ஓட்டை போட்ட டப்பாவுல ஈர இலையோட குளிர்ச்சியான கராஜ்ல வச்சுட்டு, காட்டுயிர் மீட்பு ஆளுங்களுக்கு போன் பண்ணு. கம்போஸ்ட் குவியலை ஏப்ரல் வரைக்கும் கிளறாம விட்டா இந்த போனே தேவைப்படாது. அவசரம்னா ஃபோர்க்கை ஓரமா வச்சுட்டு, மேல இருந்து கையாலயே எடு.