மிளகாய்ச் செடியின் இலைப்புள்ளிகளும் ஊட்டக்குறைகளும்: அவற்றை வேறுபிரித்து அறியும் முறை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்களிலே மிளகாய் நெடுங்காலமாகச் செய்கைபண்ணப்பட்டு வருகின்றது. கிணற்றடியிலே பத்துக் கன்று வைத்திருக்கும் வீட்டுக்காரரும், பத்துப் பரப்பில் நட்டிருக்கும் கமக்காரரும் ஒருங்கே எதிர்நோக்கும் இடர் ஒன்றுண்டு. நட்டு ஒரு மாதம் வரையிற் செழித்து வளர்ந்த செடியிலே இலை மஞ்சளாகும்; அல்லது புள்ளி விழும்; அல்லது சுருளும்.

அவ்வேளையிற் பலர் இரண்டில் ஒன்றைச் செய்வர். செடிக்குப் பசளை போதவில்லை என எண்ணி யூரியாவை அள்ளி இடுவர்; அன்றேல், அயலவர் தெளித்த மருந்தையே தாமும் வாங்கித் தெளிப்பர். காரணத்தை அறியாது செய்யும் இவ்விரு செயல்களாலும் நன்மை விளைவது அருமை. இத்துண்டுப் பிரசுரம் செடியைப் பார்த்தே காரணத்தை அறியும் முறையைக் கூறுகின்றது.

பிழையாக அறிவதால் வரும் கேடு

பிழையான பரிகாரத்தாற் பணம் வீணாகும். 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டு, அத்தடை அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் நீக்கப்பட்டது. அக்காலத்தில் ஒரு பிடி பசளையின் அருமையைக் கமக்காரர் யாவரும் உணர்ந்தனர்.

பணத்திலும் பெரிய கேடு வேறொன்றுண்டு. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. குடிநீரும் தோட்டத்து நீரும் நிலத்தின் கீழுள்ள சுண்ணாம்புக் கற்பாறையிலிருந்தே கிடைக்கின்றன. செடி உறிஞ்சாது விட்ட நைதரசன், நைத்திரேற்றாக மாறி, நீரோடு கீழிறங்கி, அதே கிணற்றைச் சேர்கின்றது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வலிகாமம் பகுதியிலே தோட்டங்களை அடுத்த கிணறுகள் பலவற்றில் இவ்வளவு விஞ்சியிருந்தமை ஆய்வுகளால் அறியப்பட்டுள்ளது. அத்தகைய நீரிற் பால்மா கரைத்து ஊட்டப்படும் கைக்குழந்தைகளின் இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். ஆதலால், தேவையற்ற இடத்தில் இடும் யூரியா வீட்டுக் குழந்தையையும் தாக்கவல்லது.

முதலிற் பார்க்கவேண்டிய நான்கு

காலை வேளையில், மருந்தும் பசளையும் கையில் இல்லாமல், செடியருகே சென்று பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

1. எவ்விலை? குறி கீழேயுள்ள முதிர்ந்த இலையில் முதலில் தோன்றியதா, நுனியிலுள்ள இளந்தளிரில் தோன்றியதா?

2. எத்தகைய ஒழுங்கு? இலையின் இரு பாதிகளும் ஒரேவிதமாக நிறம் மாறினால் அது பெரும்பாலும் ஊட்டக்குறை. அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஓரம் தெளிந்த புள்ளிகள் விழுந்தால் அது பெரும்பாலும் நோய்.

3. எத்தனை செடி? பாத்தி முழுவதும் ஏறக்குறைய ஒரே நாளில் மாறினால் மண்ணையோ நீரையோ ஐயுறல் வேண்டும். ஒரு செடியில் தொடங்கி நாளடைவில் அயற்செடிகளுக்குப் பரவினால் நோயையோ பீடையையோ ஐயுறல் வேண்டும்.

4. இலையின் கீழ்ப்புறம் எவ்வாறுள்ளது? மேற்புறத்தை மாத்திரம் பார்த்துத் தீர்மானித்தல் கூடாது. சிறு கைவில்லை ஒன்று இருப்பின் மிக நன்று.

புள்ளி நோய்கள்

தவளைக்கண் இலைப்புள்ளி: இது பங்கசினால் உண்டாவது. புள்ளி வட்டமானது, நடுவே வெளிறிய சாம்பல் நிறமும், சுற்றிலும் கபில நிற வளையமும் கொண்டு தவளையின் கண்ணை ஒத்திருக்கும். முதிர்ந்தபின் நடுப்பாகம் உதிர்ந்து துளையாவதும் உண்டு. மாரிகாலத்து ஈரத்தில் இது விரைந்து பரவும்.

பற்றீரியா இலைப்புள்ளி: புள்ளிகள் சிறியவை, ஒழுங்கான வட்டமாய் இரா. தொடக்கத்தில் நீர் ஊறியது போன்று தோன்றிப் பின்னர் கருங்கபில நிறமாகும். இலை மஞ்சளாகி உதிரும். இந்நோய் விதை மூலமும், மழைத்துளி தெறித்தும், ஈரச்செடியைத் தொட்ட கையினாலும் பரவும். ஆதலால் நோயுற்ற தோட்டத்தில் விதை எடுத்தலும், இலை நனைந்திருக்கையிற் களை பிடுங்கலும் தவிர்க்கப்படல் வேண்டும்.

சாம்பல் நோய்: மேற்புறத்தில் ஒழுங்கற்ற மஞ்சள் திட்டுகள் தோன்றும், அதே இடத்தின் கீழ்ப்புறத்தில் வெண்தூள் படிந்திருக்கும். பலர் இதனைப் பசளைக்குறை என மயங்குவர். இலையைத் திருப்பிப் பார்த்த மாத்திரத்தில் அம்மயக்கம் நீங்கும்.

புள்ளி பங்கசினால் ஆனதோ என்ற ஐயம் எழுமாயின், புள்ளியுள்ள இலையை ஈரத் தாளுடன் ஒரு பொலித்தீன் பையில் இட்டுக் கட்டி, இரண்டொரு நாள் நிழலில் வைத்தல் வேண்டும். புள்ளியின் மீது பூஞ்சணம் அரும்பினால் பங்கசு என ஊகிக்கலாம். இறந்த இலையில் வேறு பூஞ்சணமும் வளரும் ஆதலால், இதனை ஏனைய குறிகளோடு சேர்த்தே கொள்ளல் வேண்டும்.

இலை சுருளல்

இலையின் ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து தோணிபோலானால் பனிப்பூச்சியை ஐயுறலாம். ஓரங்கள் கீழ்நோக்கி வளைந்து, கவிழ்த்த தோணிபோலானால் சிற்றுண்ணியை ஐயுறலாம். தளிர் சிறுத்து, நெளிந்து, செடி குறுகி நின்றால் அது வைரசு நோயாயிருக்கலாம். வைரசு வகைகளிற் சிலவற்றை வெண் ஈயும், சிலவற்றை அழுக்கணவனும் பரப்பும். வைரசு கண்ட செடியைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. தொடக்கத்திலேயே பிடுங்கி அகற்றுதலே தக்கது. அளவுக்கு மீறி நைதரசன் இட்ட செடி மென்மையாகிச் சாறுறிஞ்சும் பூச்சிகளை ஈர்க்கும். சுருளலைக் கண்டு மேலும் யூரியா இடுதல் நெருப்பிற்கு நெய் வார்த்தலை ஒக்கும்.

ஊட்டக்குறைகள்

நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், மகனீசியம் ஆகியவற்றைச் செடி தன் முதிர்ந்த இலைகளிலிருந்து எடுத்துத் தளிருக்கு அனுப்பவல்லது. ஆதலால் இவை குறைந்தால் அடியிலை முதலில் வாடும். இரும்பு, கல்சியம் போன்றவற்றை அவ்வாறு இடம்பெயர்த்தல் இயலாது; ஆதலால் இவற்றின் குறை தளிரிலே முதலிற் தோன்றும்.

நைதரசன்: அடியிலை முழுவதும், நரம்பு உட்பட, ஒருசீராக வெளிறி மஞ்சளாகும், செடி மெலியும்.

பொசுபரசு: செடி குறுகும், இலை மங்கிய கரும்பச்சையாகிச் சில வேளை ஊதா நிறம் பெறும்.

பொற்றாசியம்: அடியிலையின் நுனியும் ஓரமும் மஞ்சளாகிக் கருகும். ஆயினும், பசளையைத் தண்டோடு ஒட்டி இட்டதனாலும், உவர்நீர் இறைத்ததனாலும் ஓரம் கருகுவதுண்டு. அண்மையில் என்ன இடப்பட்டது என்பதை நினைவுகூர்ந்தே தீர்மானித்தல் வேண்டும்.

மகனீசியம்: அடியிலையின் நரம்புகள் பச்சையாயிருக்க, இடைப்பகுதி மஞ்சளாகும். பொற்றாசுப் பசளையை அளவு மீறி இடுவதாலும் இக்குறை உண்டாகும். லீற்றர் நீருக்கு 10 கிராம் மகனீசியசல்பேற்றைக் கரைத்து இலையில் தெளிக்கலாம்.

கல்சியம்: காயின் நுனி நீர் ஊறிக் கபில நிறமாக அழுகும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் இது நிகழும். மண்ணிற் கல்சியம் இருந்தும், நீர் ஒழுங்காகக் கிடையாமையால் அது காயைச் சென்று அடைவதில்லை. சில நாள் காயவிட்டுப் பின் வெள்ளமாகக் கட்டுவதை விடுத்து, அளவாக அடிக்கடி இறைத்தலே பரிகாரமாகும்.

சுண்ணமண்ணில் ஏற்படும் தளிர் மஞ்சள்

குடாநாட்டுத் தோட்டங்களில் மிகுதியாகப் பிழைபடுவது இதுவே. நுனித்தளிர் எலுமிச்சை நிறமாக மஞ்சளாகும். நரம்புகள் மாத்திரம் பச்சை வலைபோலத் தெரியும். அடியிலைகள் பச்சையாகவே இருக்கும். இது இரும்புக்குறை. கற்பாறை அருகிலுள்ள காரத்தன்மை மிக்க மண்ணிலும், கடினமான கிணற்று நீரிலும், இரும்பு கரையாத நிலையில் முடங்கிவிடுகின்றது. யூரியாவை எவ்வளவு இட்டாலும் இம்மஞ்சள் மாறாது. இட்ட யூரியா கிணற்றையே சேரும். அடுப்புச் சாம்பல் இடுவதும் தகாது. அது காரத்தன்மையை மேலும் கூட்டும்.

லீற்றர் நீருக்கு 5 கிராம் அன்னபேதியைக் கரைத்துச் சிறிது தேசிக்காய்ச் சாறு சேர்த்து, மாலை வேளையில் உடனே தெளித்தல் வேண்டும். நெடுங்காலப் பரிகாரம் மண்ணைப் பேணுதலே. பூவரசு, கிளிசரிடியா முதலியவற்றின் குழையைத் தாழ்க்கும் முன்னோரின் வழக்கமும், மக்கிய மாட்டெருவும் மண்ணின் இயல்பைத் திருத்தி, ஊட்டங்களைச் செடிக்குக் கிடைக்கச் செய்கின்றன.

வேரையும் பார்த்தல் வேண்டும்

பட்டினியால் வாடும் செடி போன்று தோன்றியும், பசளைக்கு இணங்காத செடி ஒன்றை மெதுவாகத் தோண்டி எடுத்தல் வேண்டும். வேரிற் சிறு சிறு முடிச்சுகள் காணப்பட்டால் அது வட்டப்புழுவின் தாக்கம். வேர் கபில நிறமாகி அழுகியிருந்தால் நீர் தேங்குதலே பெரும்பாலும் காரணம்; வடிகால் அமைத்தல் வேண்டும். இலை மஞ்சளாகாமலே செடி திடீரென வாடினால், அடித்தண்டை வெட்டித் தெளிந்த நீர் உள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்திப் பார்க்கலாம். வெட்டிய இடத்திலிருந்து பால் போன்ற இழை கீழிறங்கினால் அது பற்றீரியா வாடல். அச்செடிக்கு மருந்து இல்லை. அவ்விடத்தில் அடுத்து கத்தரி, தக்காளி நடுவதும் தகாது.

சோதனை வரிசை

ஊட்டக்குறை எனத் தீர்மானித்தபின்னும் தோட்டம் முழுவதற்கும் ஒருமிக்கப் பரிகாரம் செய்தல் கூடாது. ஒரு வரிசையில் ஐந்து செடிக்கு மாத்திரம் தெளித்து, அடுத்த ஐந்தை அப்படியே விடுதல் வேண்டும். ஏழு முதல் பத்து நாட்களின் பின் புதிதாக வந்த தளிரை ஒப்பிட வேண்டும். கருகிய பழைய இலை மீண்டும் பச்சையாகாது. அதனைப் பார்த்து ஏமாறலாகாது. தெளித்த செடியின் புதுத்தளிர் பச்சையாயிருந்தால் தீர்மானம் சரியானது, ஏனையவற்றுக்கும் தெளிக்கலாம். வேறுபாடு இல்லையெனில், செலவு ஐந்து செடியோடு நின்றது. காரணத்தை மீண்டும் தேடலாம்.

நோய் எனத் தெரிந்தால், நோயுற்ற இலைகளைப் பொறுக்கி அகற்றுதல், செடிகளிடையே காற்றோட்டம் விடுதல், இலை நனையாமல் அடியில் நீர் பாய்ச்சுதல் என்பவற்றை முதலிற் செய்தல் வேண்டும். நாசினி தேவைப்படின் அந்நோய்க்கெனப் பதிவு செய்யப்பட்டதையே, சிட்டையிற் குறித்த அளவிற் பயன்படுத்தி, தெளித்ததற்கும் காய் பறித்தற்கும் இடையே குறித்த நாட்கள் கழியவிடல் வேண்டும். வீட்டுத் தோட்டத்து மிளகாய் அன்றன்றே கறிக்குப் போவது என்பதை மறத்தலாகாது.

ஐயம் தீராதவிடத்து, நோயுற்ற இலையோடு நலமான இலை ஒன்றையும் எடுத்து, விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுதல் நன்று. என்ன பசளை, எவ்வளவு, எந்நாளில் இடப்பட்டது என்பதையும் எழுதிக் கொண்டு செல்லல் வேண்டும். பார்த்தபின் இடுதல், இட்டபின் பார்த்தல் என்னும் இரண்டையும் வழக்கமாக்கிக் கொண்ட தோட்டத்தில் செடியும் பிழைக்கும், கிணறும் கெடாது.