அல்கிந்தியின் கணக்கும் கணினியின் திறவுகோலும்

தூதுவர் கையில் கொடுத்தனுப்பிய ஓலை பகைவர் கைப்பட்டாலும் அதன் பொருள் அவர்க்குப் புலப்படாதவாறு எழுதும் கலை மிகத் தொன்மையானது. ஓர் எழுத்துக்கு மாற்றாக வேறோர் எழுத்தை வைத்தெழுதுதல் அக்கலையின் பழைய முறைகளுள் ஒன்று. மறைமொழியின் காவல் எதில் அடங்கியுள்ளது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அல்கிந்தி காட்டிய வழி

கூஃபாவில் பிறந்து, ஒன்பதாம் நூற்றாண்டில் அப்பாசியக் கலீஃபாக்களான மஃமூன், முஃதஸிம் ஆகியோர் காலத்தில் பக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் அல்கிந்தி. மறைமொழிகளை விடுவிப்பது பற்றி அவர் அரபியில் இயற்றிய சிறுநூலின் கையெழுத்துப் படி இஸ்தான்புல்லில் கிடைத்தது, 1987இல் பதிப்பிக்கப்பெற்றது.

மறைமொழி எம்மொழிக்குரியதோ அம்மொழியில் அமைந்த வேறோர் உரையை எடுத்து, ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறதென எண்ணுக. மறைமொழியிலும் அவ்வாறே எண்ணி, இரு வரிசைகளையும் ஒப்பிடுக என்பது அவர் வகுத்த நெறி. அரபியில் அலிஃபும் லாமும் மிகுதியாக வருவன. அவை வேறு வடிவம் பூண்டாலும் அவற்றின் மிகுதி அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒழுங்கு உள்ள இடத்தில் ஊகம் நுழையும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

திறவுகோலின் சிறப்பு

மறைக்கும் முறை பகைவர்க்குத் தெரிந்தாலும் தீங்கு நேரக்கூடாது. திறவுகோல் மட்டுமே மறைவாக இருத்தல் வேண்டும் என 1883இல் கெர்க்காஃப்ஸ் எழுதினார். 1976இல் டிஃபி, ஹெல்மன் இருவரும் பொதுத் திறவுகோல் என்னும் கருத்தை வெளியிட்டனர். கெய்ரோவில் பிறந்த தாஹிர் எல்கமால் 1985இல் அவ்வழியில் ஒரு முறையை வகுத்தளித்தார். இம்முறைகளில் திறவுகோல் இணையாகப் பிறக்கும். ஒன்றை ஊரறியக் கொடுக்கலாம்; மற்றொன்றை உரியவர் மட்டுமே வைத்திருக்க வேண்டும். பொதுவானதைக் கொண்டு தனித் திறவுகோலைக் கணக்கிட்டு அறிதல் நடைமுறையில் இயலாது.

கணினியில் திறவுகோல் ஆக்கம்

தொலைவிலுள்ள கணினியுள் பாதுகாப்பாக நுழைவதற்கான எஸ்எஸ்எச் என்னும் முறையை 1995இல் பின்லாந்தின் தாட்டு இலோனென் உருவாக்கினார். அதற்குரிய திறவுகோலை ஆக்கித் தரும் கருவி எஸ்எஸ்எச்-கீஜென். கட்டளை வரியில் அதன் பெயரைத் தட்டச்சு செய்தால் போதும். வகையைக் குறிப்பிடாவிடில், 2023இன் இறுதியில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.5ஆம் பதிப்பு முதல் எட்25519 என்னும் வகை அமையும். எங்கே சேமிப்பது, எந்த மறைத்தொடரால் பூட்டுவது என்று கருவி வினவும். பின்னர் இரு கோப்புகள் தோன்றும். ‘பப்’ என முடிவது பொதுத் திறவுகோல். மற்றையது தனித் திறவுகோல்.

இதன் உயிர்நிலை சமவாய்ப்பு எண்ணில் உள்ளது. எட்25519 வகையில் 256 இருமவிலக்கங்கள் எவ்வித ஒழுங்குமின்றி எடுக்கப்படுகின்றன. அவற்றின் வாய்ப்புகளை எழுதிக்காட்ட 78 இலக்கமுள்ள எண் வேண்டும். அங்கே அல்கிந்தியின் கணக்குக்குப் பிடிபட ஒழுங்கேதும் இல்லை.

ஒழுங்கு புகுந்தால் நேர்வது என்ன என்பதற்கும் சான்று உண்டு. டெபியன் இயங்குதளத்தின் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரல்தொகுப்பில் 2006இல் செய்த சிறு மாற்றம் சமவாய்ப்பைக் கெடுத்தது. அதனால் ஒரே வகையும் அளவும் கொண்ட திறவுகோல்களில் 32,767 மட்டுமே பிறக்க முடிந்தது. அத்தனையையும் முன்கூட்டியே ஆக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பது எவர்க்கும் எளிது. இக்குறை 2008 மே மாதத்தில்தான் வெளிப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பூட்டு பூட்டாகவே தோன்றியது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

அமானிதம்

கருவி தன் கடமையைச் செய்தபின் எஞ்சுவது மனிதனின் கடமை. பிறர்க்கு அனுப்பத்தக்கது ‘பப்’ கோப்பு ஒன்றே. தனித் திறவுகோலை நண்பர்க்கும் அனுப்பலாகாது. பொதுக் கணினியில் விட்டுவரலாகாது. மறைத்தொடரின்றி அதனை வைத்திருத்தல் வாயிற்படியில் சாவியைத் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். நம் பொதுத் திறவுகோலை ஏற்று ஒருவர் தம் கணினியின் கதவைத் திறந்துவிடுகிறார் என்றால், அவர் நம்மிடம் ஒப்படைப்பது ஓர் அமானிதம். அதனைப் பேணுதல் கணினி கற்கும் மாணவர் ஒவ்வொருவர்க்கும் உரிய கடனாகும்.