கன்வெர்ட்டருக்கும் பூட்டு வேண்டும்
ஆர்எஸ்-232 போர்ட்டுக்கு பாஸ்வேர்டு கிடையாது. கேபிள் இருக்கும் அறைக்குள் வர முடிந்தவர்தான் கருவியோடு பேச முடியும், அதுவே காவல். கன்வெர்ட்டர் மாட்டி ஈதர்நெட்டில் ஏற்றியதும் அந்தக் காவல் போச்சு.

2015 டிசம்பர் 23-ல் உக்ரைன் மின்விநியோகத்தைத் தாக்கியவர்கள், பிரேக்கர்களைத் திறந்ததோடு நிற்கவில்லை. துணைமின்நிலைய சீரியல் கன்வெர்ட்டர்களின் ஃபர்ம்வேரையும் கெடுத்துவிட்டார்கள். சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்குக் கரண்ட் இல்லை. ஆட்கள் நேரில் போய்க் கையால்தான் பிரேக்கரைப் போட்டார்கள்.

இங்கே புரொண்பியில் நான் மாட்டினால் முதல் வேலை டெல்நெட்டை மூடுவது, பாஸ்வேர்டை மாற்றுவது. அப்புறம் தனி விலான், டிஎல்எஸ், வெளியிலிருந்து விபிஎன் மட்டும். அந்த விபிஎன் பெட்டிக்கும் அப்டேட் போடணும்: 2023 மே மாதம் டென்மார்க்கில் 22 எரிசக்தி நிறுவனங்களுக்குள் நுழைந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஃபயர்வால் ஓட்டைதான் வழி.

செட்டிங் ஏற்றிய உதிரி கன்வெர்ட்டர் ஒன்று அலமாரியில் இருக்கட்டும்.