டைமிங்கைக் கடைசியில் தொடு

அன்புள்ள தம்பிக்கு,

கார்புரேட்டர் காலத்து மாருதி 800 ஒன்று மேட்டில் ஏறும்போது டிக் டிக்கென்று அடித்தது, டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி டைமிங்கைக் கொஞ்சம் பின்னால் தள்ளியதும் சத்தம் நின்றுவிட்டது, வண்டிக்காரர் அப்போதே காசைக் கொடுத்துவிட்டுப் போனார் என்று சொன்னாய். உன் சந்தோஷம் புரிகிறது. ஆனால் கண்ணு, அந்த வண்டி இன்னும் சரியாகவில்லை. மறுபடி ஏதாவது ஒரு பட்டறைக்கு வந்தே தீரும். ஐ.டி.ஐ. முடித்து சூலூரிலும் அன்னூரிலும் பல்லடத்திலும் புதிதாகப் பட்டறை போடுகிற பிள்ளைகள் பலரும் இதையேதான் செய்கிறார்கள். அதனால்தான் உனக்குத் தனியாகச் சொல்லாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

சத்தம் எங்கே பிறக்கிறது என்று முதலில் பார். பிளக் பொறி விட்ட இடத்திலிருந்து தீ பரவிக்கொண்டு போகிறது. அது எதிர்ப்பக்கம் போய்ச் சேருவதற்குள், அங்கே நெருக்குண்டு கிடக்கும் மிச்சக் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாகவே வெடித்துவிட்டால், அந்த அதிர்வு சிலிண்டர் சுவரில் மோதுகிறது. அதைத்தான் நாக்கிங் என்கிறோம். டைமிங்கைப் பின்னால் தள்ளினால் உச்ச அழுத்தம் குறையும். எந்தக் காரணத்தால் வந்த நாக்கிங்காக இருந்தாலும் அடங்கும். ரேடியேட்டர் அடைத்திருந்தாலும் அடங்கும், கார்புரேட்டர் அடியில் காற்று கசிந்தாலும் அடங்கும், தப்பான பிளக் மாட்டியிருந்தாலும் அடங்கும். இதில்தான் ஆபத்து இருக்கிறது. தீ தாமதமாக எரிவதால் சூடு எக்ஸாஸ்ட் பக்கம் போகிறது, வால்வு கருகுகிறது, மைலேஜ் விழுகிறது. நாலு மாதம் கழித்து அதே ஆள் வந்து "வண்டி புல்லிங்கே இல்லீங்க" என்பார். அப்போது நீ கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருப்பாய்.

ஆகவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கேள். எப்போதிலிருந்து அடிக்கிறது? அதற்கு முன்னால் யார், எதைக் கழற்றினார்கள்? ஹெட் இறங்கியதா? கேஸ் கிட் எப்போதாவது மாட்டியிருந்ததா? வண்டி எந்த ஊரில் ஓடிக்கொண்டிருந்தது? கடைசிக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஊட்டி 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தை வைத்துப் பார்த்தால் காற்றழுத்தம் அங்கே ஏறத்தாழ கால் பங்கு குறைவு. அந்த மெல்லிய காற்றில் நாக்கிங் சுலபத்தில் வராது. அதனால் மலை மெக்கானிக்குகள் இழுவைக்காக டைமிங்கைத் தாராளமாக முன்னால் வைத்திருப்பார்கள். அங்கே அது சரிதான். அதே வண்டியைக் கைமாற்றி வாங்கி, ஏப்ரல் வெயிலில் கோவைக்கு இறக்கினால் முதல் பாலத்திலேயே அடிக்க ஆரம்பிக்கும். இது தலைகீழாகவும் நடக்கும். கல்லாறில் அடித்துக்கொண்டிருந்த வண்டி குன்னூர் போவதற்குள் அமைதியாகிவிடும். "மேல போகப் போகத் தானாச் சரியாயிருச்சுங்க" என்று வண்டிக்காரர் சொல்லும்போது, அவர் உனக்கு ஒரு நல்ல துப்பு கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்.

அடுத்தது, ஓட்டிப் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் நாக்கிங் வராது, லோடு வேண்டும். நமக்கு வாய்த்த மாதிரி ரோடு பல ஊர்க்காரர்களுக்கு இல்லை. மாங்கரை தாண்டி ஆனைகட்டி ஏற்றம் இருக்கிறது, கல்லாறு தாண்டினால் பர்லியாறு வரைக்கும் விடாமல் மேடு. வண்டிக்காரரையே ஓட்டச் சொல்லி நீ பக்கத்தில் உட்கார். டாப் கியரில், குறைந்த வேகத்தில், ஆக்சிலேட்டரை முக்கால்வாசி மிதிக்கச் சொல். தகர டப்பாவில் சோளத்தைப் போட்டுக் குலுக்கினாற்போல ஒரு சத்தம் வந்து, காலைக் கொஞ்சம் எடுத்த உடனே நின்றால் அது நாக்கிங். ஐட்லிங்கிலும் கேட்டு, ஆர்.பி.எம். ஏற ஏற கூடவே ஏறினால் டேப்பெட். குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் தட்டி, சூடானதும் மறைந்தால் பிஸ்டன் ஆட்டம். சூடான பிறகு கனமாக அடித்தால் பேரிங். கழன்ற சைலன்சர் தகடு ஒன்று எத்தனையோ மெக்கானிக்குகளை எஞ்சின் பிரிக்க வைத்திருக்கிறது. அதையும் ஒருக்கா தட்டிப் பார்த்துவிடு. ஆனைகட்டி ரோடு என்றால் இருட்டுவதற்குள் இறங்கி வந்துவிடு, யானைக்கு வழிவிட்டுக் காத்திருக்க நேரும்.

என் பட்டறைக்கு ஒரு ஓம்னி வந்தது. மூன்று இடத்தில் பார்த்தாகிவிட்டது, கார்புரேட்டர் புதிது, பிளக் புதிது, ஒயர் புதிது, சத்தம் மட்டும் பழையது. கேட்டதில், முன்னால் வைத்திருந்தவர் கேஸில் ஓட்டியிருக்கிறார். கேஸ் சிலிண்டர் பழசானதும் கிட்டைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலுக்கு மாறியிருக்கிறார்கள். எல்.பி.ஜி.யின் ஆக்டேன் நூறுக்கு மேல். அது நாக்கிங்கைத் தாங்கும் என்பதால் கிட் மாட்டுகிறவர்கள் டைமிங்கைச் சில டிகிரி முன்னால் தள்ளிவிடுவார்கள். கிட் போய்விட்டது, டைமிங் அப்படியே இருந்தது. அதோடு முடியவில்லை. கேஸ் மிக்சர் இருந்த இடத்தில் கார்புரேட்டர் அடிக் கேஸ்கட் சரியாக உட்காரவில்லை, காற்று இழுத்துக்கொண்டிருந்தது. காற்று கூடிய கலவை சூடாக எரியும், சுலபமாக அடிக்கும். டைமிங்கை மட்டும் திருத்தியிருந்தால் முக்கால்வாசி சத்தம் போயிருக்கும், நானும் அனுப்பியிருப்பேன். ஒரு காரணம் கிடைத்ததும் தேடலை நிறுத்தாதே என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். கசிவு பார்க்க, ஓடுகிற எஞ்சின் மேல் பெட்ரோல் தெளிக்கிற பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடு. வேக்குவம் ஹோஸ்களை ஒவ்வொன்றாக பிளையரால் மெல்ல நெருக்கிப் பார், ஐட்லிங் மாறுகிற இடத்தில் கசிவு இருக்கிறது.

தண்ணீர் விஷயம் நம் பக்கத்துக்கே உரியது. சிறுவாணித் தண்ணி குடிக்கிற ஊர் என்று பெருமை பேசுகிறோம், ஆனால் ரேடியேட்டருக்குள் போவது பெரும்பாலும் போர்த் தண்ணி. அவினாசி, பல்லடம் பக்கத்து வண்டிகளில் தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்தால் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கும். ஆனால் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி உப்பு படிந்த இடத்தில் சூடு வெளியேற வழியில்லாமல் தேங்கும், நாக்கிங் அங்கிருந்து கிளம்பும். எஞ்சினை நிறுத்திச் சித்த நேரம் விட்டு, ஃபேன் பக்கம் கை போகாமல், ரேடியேட்டர் முகத்தைத் தடவிப் பார். நடுவில் திட்டுத் திட்டாகச் சில்லென்று இருந்தால் அந்தக் குழாய்கள் அடைத்துவிட்டன. இதற்கு ஊரில் ஒரு வைத்தியம் உண்டு: "இந்த வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்குங்க" என்று அதைக் கழற்றி வீசிவிடுவது. எனக்கு இதைக் கேட்டாலே எரிச்சல் வரும். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமலே டவுனுக்குள் சுற்றும், கார்பன் கட்டும். பிஸ்டன் தலையில் கார்பன் ஏறினால் கம்ப்ரஷன் கூடும். கங்கு போலக் கனன்று நிற்கிற கார்பன் பொறிக்கு முன்பே தீ வைக்கும். சூட்டைக் குறைக்கச் செய்த வேலை நாக்கிங்கில் வந்து முடியும்.

கம்ப்ரஷன் என்றதும் இன்னொன்று. லேத்துக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. ஹெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் ஃபேசிங் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஒரு பழைய அம்பாசடரின் ஹெட் எத்தனை முறை அப்படி லேத் ஏறியது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும், அறை சுருங்கும், அழுத்தம் ஏறும். கம்ப்ரஷன் கேஜ் வைத்து எல்லா சிலிண்டரும் புத்தகத்தில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டினால், கார்பனோ ஃபேசிங்கோ இரண்டில் ஒன்று. ஒரே ஒரு சிலிண்டர் தனியாகக் கூடினால் அதற்குள் ஆயில் இறங்கிக் கார்பன் கட்டுகிறதா என்று வால்வு சீலைச் சந்தேகப்படு.

பிளக்கைப் பற்றி யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். என்.ஜி.கே. பிளக்கில் நம்பர் கூடக் கூட பிளக் குளிர்ச்சி. பாஷில், அதாவது நம் ஆட்கள் இன்றும் மைக்கோ என்று சொல்வதில், நம்பர் கூடக் கூடச் சூடு. ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது நம்பரைப் பார்த்து ஊகித்தால் நேர் எதிராகப் போய் முடியும். அட்டவணை பார்த்து மாற்று. கழற்றிய பிளக்கின் பீங்கான் வெளேரென்று இருந்து, அதில் மிளகுப்பொடி அளவுக்குக் கரும்புள்ளியோ, பளபளக்கும் அலுமினியத் துளியோ தெரிந்தால் பிஸ்டன் உருக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் மேட்டில் ஓட்டிச் சோதிக்காதே.

பெட்ரோலுக்கு வருவோம். பழைய வண்டி எது அடித்தாலும் இப்போது எல்லோரும் எத்தனாலைக் கைகாட்டுகிறார்கள். இந்தச் சத்தத்துக்குத் தவறான ஆளைப் பிடிப்பது நூறு வருஷப் பழக்கம். அமெரிக்காவில் கெட்டரிங் என்ற எஞ்சினியர் பேட்டரி இக்னிஷன் கொண்டுவந்தபோது, நாக்கிங்குக்கு அதுதான் காரணம் என்று அவர் மேல் பழி விழுந்தது. குற்றம் எரிபொருளில் இருக்கிறதென்று அவரும் அவருடைய ஆள் மிட்ஜ்லியும் தேடிப் போய், 1921 டிசம்பரில் ஈயக் கலவையைக் கண்டுபிடித்தார்கள். நாக்கிங் அடங்கியது, ஈய விஷம் உலகத்துக் காற்றிலெல்லாம் கலந்தது. நம் நாட்டு பம்புகளிலிருந்து அது முழுதாகப் போக 2000 பிப்ரவரி ஆயிற்று.

எத்தனால் கலந்த இ-20 பெட்ரோலின் ஆக்டேன் 95. பழைய சாதாரண பெட்ரோலுக்கு 91தான். ஆக்டேனை மட்டும் பார்த்தால் எத்தனால் நாக்கிங்கைக் குறைக்க வேண்டும், குறைக்கவும் செய்கிறது. வில்லங்கம் வேறு இடத்தில். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கம்ப்யூட்டர் இருக்கிற வண்டி இதைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த புத்தி கிடையாது. பழைய ஜெட் அதே அளவு ஊற்றும், கலவை காற்று கூடியதாகிவிடும். போதாததற்கு, எத்தனால் பழைய டேங்கின் அழுக்கைக் கரைத்துக் கொண்டுவந்து ஜெட்டில் அடைக்கும், ரப்பர் ஹோஸை ஊறவைத்துக் கெடுக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் டேங்குக்குள் தண்ணீர் சேர்ந்தால் எத்தனால் அதோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். மேலே நிற்பது ஆக்டேன் குறைந்த பெட்ரோல். ஆகவே ஃபில்டரை மாற்று, ஜெட்டைச் சுத்தம் செய், ஹோஸ்களை எத்தனால் தாங்குகிறதாக மாற்று, அப்போதும் பிளக் வெளுப்பாக வந்தால் மெயின் ஜெட்டை ஒரு நம்பர் ஏற்று. ஆக்டேன் கூட்டும் பாட்டில்களை விற்றுச் சம்பாதிக்கலாம்தான். எனக்கு அவற்றில் நம்பிக்கையில்லை. கலப்படம் என்று தோன்றினால் பம்பிலேயே ஃபில்டர் பேப்பர் கேள், ஒரு சொட்டு விட்டுக் காய்ந்த பிறகு கறை நிற்கக் கூடாது.

இவ்வளவும் பார்த்த பிறகு டைமிங்கைத் தொடு. அதிலும் முதலில் பாயின்ட் கேப். கேப் கூடினாலே டைமிங் முன்னால் ஏறிவிடும் என்பதால், கேப் சரிசெய்யாமல் டைமிங் வைப்பது வீண் வேலை. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டைப் பிடித்து ஆட்டிப் பார். புஷ் தேய்ந்திருந்தால் டைமிங் லைட்டில் குறி ஒரு இடத்தில் நிற்காமல் துள்ளும். உள்ளே இருக்கிற அட்வான்ஸ் ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்தால் ஐட்லிங்கில் எல்லாம் சரியாகத் தெரியும், வேகம் எடுத்ததும் அட்வான்ஸ் அவசரப்பட்டு ஏறிவிடும். அதனால் ஐட்லிங்கில் மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், ஆர்.பி.எம். ஏற்றி லைட் அடித்துப் பார். கிராங்க் புல்லி நடுவில் ரப்பர் வைத்த வகை என்றால் வெளி வளையம் நகர்ந்து குறியே பொய் சொல்லக்கூடும். முதல் சிலிண்டரின் டி.டி.சி.யை நேரில் சரிபார்த்துக்கொள். கடைசியில் புத்தகத்தில் உள்ள டிகிரிக்கு வை. ஃபேசிங் அடித்த ஹெட்டாக இருந்து, மற்ற எல்லாம் சரியாகியும் மேட்டில் லேசாகத் தட்டினால் அதற்குப் பிறகு ஒன்றிரண்டு டிகிரி இறக்கலாம். முந்தைய காலத்தில் ஃபோர்டு டி மாடல் காரில் இதற்கென்றே ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு லீவர் இருந்தது. மேடு வந்தால் டிரைவரே காதால் கேட்டு இறக்கிக்கொள்வார், இறக்கம் வந்தால் ஏற்றிக்கொள்வார். இன்றைய வண்டியில் நாக் சென்சர் செய்வதும் அதே வேலைதான். நீ பார்க்கிற வண்டிகள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவை. லீவரும் இல்லை, சென்சரும் இல்லை.

காசு விஷயம் பேசாமல் முடிக்கக் கூடாது. இந்த முறையில் பார்த்தால் அரை நாள் போகும், கடைசியில் மாற்றிய சாமான் ஒரு கேஸ்கட்டாக இருக்கும். நம் ஊர்க்காரர்கள் சாமானுக்குக் கணக்குப் பார்க்காமல் கொடுப்பார்கள், "ஓட்டிப் பார்த்ததுக்கெல்லாம் காசாங்க?" என்று கேட்பார்கள். வேலை தொடங்குவதற்கு முன்பே கூலியைச் சொல்லிவிடு. மேடு ஏறி இறங்கும் பெட்ரோல் அவருடையது என்பதையும் சொல்லிவிடு. வந்தபோது டைமிங் எத்தனை டிகிரி, இப்போது எத்தனை, பிளக் நம்பர், ஜெட் நம்பர், எல்லாவற்றையும் ஓர் அட்டையில் எழுதிப் பானட்டின் உள்பக்கம் ஒட்டு. அடுத்த மெக்கானிக் அதைப் பார்க்காமலே டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினாலும் திருப்புவார். தேதியையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
கோவை கணபதியிலிருந்து ஒரு பழைய மெக்கானிக்